தேசவழமையும் சீதன உரிமையும்

மக்களிடையே சொற்பிறழ்ச்சியும் ஒழுக்கக் குறையும் காணப்பட்டமையாற் சான்றோர் மணச்சடங்கினை விதித்தனர் என்பது தொல்காப்பியர் கற்பியலிற் காட்டும் கருத்து. அங்ஙனமே, மணத்தின்வழி வரும் பொருளுரிமையும் ஐயப்பாடு தோன்றியவிடத்தே எழுத்திலேறுவதாயிற்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதற்குச் சிறந்த சான்று.

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அந்நாட்டார் வழக்குகளை அவர்தம் வழமைப்படியே தீர்க்க விரும்பினர். வழமையோ எழுதாக் கிளவியாய் முதியோர் நாவில் நின்றது. ஆதலின் 1706-இல் ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பார் அதனைத் தொகுக்குமாறு பணித்தனர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அலுவல் புரிந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை அதனைத் தொகுத்து 1707-ஆம் ஆண்டு சனவரியில் அளித்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களால் ஆராய்ந்து ஏற்கப்பட்டது.

அத்தொகுப்பு பொருளை மூவகைப்படுத்தும். கணவன் கொணர்வது முதுசம். மனைவி கொணர்வது சீதனம். இருவரும் மணத்தின்பின் ஈட்டியது தேடியதேட்டம். பண்டை நாளில் முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சார்ந்தன. தேடியதேட்டம் இருபாலார்க்கும் பொதுவாயிற்று. அதனுள்ளும் பெண்மக்கள் பங்கு சிறிது மிகுமாயின் ஆண்மக்கள் அதற்கு உடன்படுதல் வேண்டும். தாய்ப்பொருள் மகள்வழியே தொடர்ந்து செல்லும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், இம்முறை பழையது என்றே அவ்வேடு குறிக்கின்றது. போர்த்துக்கேயர் ஆட்சியில், சிறப்பாகத் தொம் பிலிப்பு மஸ்கரேனஸ் காலத்தில், வழமை பையப்பைய வேறுபட்டது என முதிய முதலியார்கள் சான்று பகர்ந்தனர். பின்னர்ச் சீதனம் முதுசத்தினின்றோ தாய்ச்சீதனத்தினின்றோ தேட்டத்தினின்றோ வேறுபாடின்றி வழங்கப்பட்டது. சீதனம் பெற்ற மகள், வேறு உரியோர் உளராயின், பெற்றோர் பொருளில் மேலும் பங்கு கோரல் இயலாது. சீதன ஓலையிற் கண்ட நிலத்தைப் பத்தாண்டிற்குள் கைக்கொள்ளாதார் அதனை இழப்பர். இதனாற் சிலர்க்குச் சீதனம் மிகுந்திருத்தல் கூடும். எனினும், தாய்வழி உரிமையாய் வந்தது பெற்றோர் மனம்போல் அளக்கும் கொடையாய் மாறிற்று எனல் பொருந்தும்.

ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் அத்தொகுப்பிற்குச் சட்டவலிமை அளித்தனர். அந்நாள்முதல் 1707-இல் நிலவிய வழக்கே, காலந்தோறும் நெகிழும் இயல்பு குன்றி, மன்றத்தில் நிலைபெற்றது. 1911-ஆம் ஆண்டின் முதலாம் கட்டளைச் சட்டம் மனைவிதன் பொருளைத் தனியுரிமையாக வரையறுத்தும், நிலம் முதலிய அசையாப் பொருளை அவள் பராதீனஞ் செய்தற்குக் கணவனது எழுத்துமூல இசைவினை வேண்டிற்று. தேடியதேட்டத்தின் இலக்கணம் 1947-இல் மீண்டும் திருத்தப்பட்டது.

எழுத்து வழமையைக் கட்டியது உண்மையே. ஆயினும், அம்முதியோர் சான்று அவ்வேட்டில் ஏறாதிருப்பின், மகளிர்க்குரிய பண்டை உரிமை ஒன்று இருந்தமையே மறைந்திருக்கும். தேசவழமை அநாதியாய் மாறாது வந்தது என்பார், அதன் தொடக்க ஏட்டினையே ஓதியுணர்தல் வேண்டும். மாறியது என்று கூறுவது அவ்வேடே.