பேய்த்தலையின் கண் சிமிட்டல்

1782 நவம்பர் 12 இரவு. இங்கிலாந்தின் யார்க் நகரில் 18 வயது இளைஞன் ஒருவன் வானத்தைப் பார்க்கிறான். பெயர் ஜான் குட்ரிக். சிறுவயதில் வந்த நோயால் காது கேட்காது. பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள ஆல்கால் வழக்கத்தைவிட மங்கிக் கிடக்கிறது. தன் கண்ணையே அவனால் நம்ப முடியவில்லை. ஆல்கால் என்பது அரபுப் பெயர். 'பேயின் தலை' என்பதிலிருந்து வந்தது. அதன் ஒளி மாறுவதை 1667-லேயே இத்தாலியின் மோன்டனாரி கவனித்திருந்தார். ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

குட்ரிக் அந்தக் கணக்கைப் பிடித்தான். அக்கம்பக்க விண்மீன்களோடு ஒப்பிட்டு, இது அதைவிடப் பிரகாசம், அதைவிட மங்கல் என்று இரவு இரவாகக் குறித்தான். அவ்வளவுதான் கருவி! ஏறத்தாழ 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை ஆல்கால் மங்குகிறது என்று கண்டான். (இன்றைய கணக்கும் அதேதான், சில நொடிகள்தான் வித்தியாசம்.)

ஏன் மங்குகிறது? அண்டை வீட்டு நண்பர் எட்வர்ட் பிகாட்டோடு கலந்து யோசித்ததில் இரண்டு விளக்கங்கள் கிடைத்தன. ஏதோ ஒரு பொருள் அதைச் சுற்றிவந்து மறைக்கிறது. அல்லது விண்மீனின் ஒரு பக்கம் கரும்புள்ளிகள் நிறைந்தது, அது சுழலும்போது நம் பக்கம் திரும்புகிறது. 1783-ல் ராயல் சொசைட்டி குட்ரிக்குக்குக் கோப்ளே பதக்கம் தந்தது. ஆனால் எது சரி என்று சொல்ல வழியில்லை. வில்லியம் ஹெர்ஷல் தன் பெரிய தொலைநோக்கியில் தேடியும் துணை எதுவும் தெரியவில்லை. 1786-ல், 21 வயதிலேயே குட்ரிக் இறந்துபோனான்.

விடை வர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1889-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் வோகல் ஆல்காலின் நிறமாலையை அளந்தார். மங்குவதற்கு முன் விண்மீன் நம்மை விட்டு விலகுகிறது, மங்கிய பின் நெருங்கி வருகிறது! கிரகணம்தான், சந்தேகமில்லை.

அடுத்துதான் சுவாரஸ்யம். எந்தத் தொலைநோக்கியிலும் ஒரே புள்ளியாகத் தெரியும் ஒன்றின் உருவத்தை, அதன் ஒளி ஏறி இறங்கும் கோட்டை மட்டும் வைத்து எப்படி வரைவது? கோட்டின் பள்ளம் எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதில் விண்மீன்களின் அளவு ஒளிந்திருக்கிறது. இரண்டு பள்ளங்களின் ஆழத்தை ஒப்பிட்டால் எது சூடானது என்று தெரியும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் பொதுவாக ஒன்று மற்றொன்றை முழுதாக மறைக்கிறது அல்லது அதன் முகத்துக்குள்ளேயே கடக்கிறது என்று பொருள். ஆனால் எல்லாம் விகிதங்கள்தான். கிலோமீட்டரில் சொல்ல நிறமாலை வேண்டும்.

1910-ல் அமெரிக்காவின் ஜோயல் ஸ்டெபின்ஸ் செலினியம் மின்கலத்தைக் கொண்டு ஆல்காலின் இரண்டாவது பள்ளத்தையும் பிடித்துவிட்டார். கண்ணுக்கு எட்டாத வெறும் 0.06 அளவு மாற்றம். ஆக, துணை இருட்டுப் பொருள் அல்ல, அதுவும் ஒளிரும் விண்மீன்! 1912-ல் பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இதற்கெல்லாம் ஒரு கணித முறை வகுத்தார். அவர் மாணவர் ஹார்லோ ஷேப்லி அதை வைத்து 90 இரட்டை விண்மீன்களைக் கணக்கிட்டார், அதுவும் கணினி இல்லாத காலத்தில்.

ஆனால் ரஸ்ஸலின் விண்மீன்கள் உருண்டைகள், அல்லது கொஞ்சம் நீண்ட முட்டைகள். நெருங்கிச் சுற்றும் ஜோடிகள் அப்படியா இருக்கும்? ஒன்றையொன்று இழுத்து, கண்ணீர்த்துளி போல் பிதுங்கும். ஆல்காலிலேயே சிறியது பெரியதுக்குப் பொருளை வாரிக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் எடை குறைந்தது முதலில் கிழடாகிவிட்டதாகத் தெரிகிறது. இந்தப் பிதுங்கலை முறையாகச் சேர்த்து 1971-ல் ராபர்ட் வில்சனும் எட்வர்ட் டெவின்னியும் எழுதிய கணினி நிரல்தான் இத்துறையின் முதுகெலும்பு. 2005-ல் ஆந்த்ரே பிர்சாவும் தோமாஷ் ஸ்விட்டரும் வெளியிட்ட ஃபீபி அதன் வழிவந்ததே.

இதில் ஒரு வேடிக்கை. குட்ரிக்கின் இன்னொரு யோசனை, அந்தக் கரும்புள்ளிகள், ஆல்காலுக்குத்தான் தேவைப்படவில்லை. வேறு ஜோடிகளுக்கான மாதிரிகளில் அவை திரும்ப வந்துவிட்டன. சில விண்மீன்களில் நிஜமாகவே புள்ளிகள் உண்டு. ஆனால் கோடு பொருந்தாத இடத்தில் எல்லாம் ஒரு புள்ளியை ஒட்டினால் எந்தக் கோடும் பொருந்திவிடும். ஒரே ஒளிக்கோட்டுக்கு இரண்டு மூன்று விண்மீன் ஜோடிகள் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும்போது எதை நம்புவது என்ற சண்டை இந்தத் துறையில் இன்னும் ஓயவில்லை.