யவனர் கொணர்ந்த திராட்சை மது

மார்கழி இரவில் நாகூர்க் கடற்கரையில் வாடை வீசும். மேல்நாட்டார் பனிக்காலத்தை எண்ணினால் இது குளிரே அல்ல. ஆயினும் நமக்குப் போர்வை தேவைப்படுகிறது. அப்படியொரு நாளில் வெப்பவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “சார், குளிருக்குத் திராட்சை மது குடித்தால் உடம்பு சூடாகுமாமே, உண்மையா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளக் கூடிய கேள்வி அன்று. அதற்குள் 2000 ஆண்டு வரலாறும் இருக்கிறது. நல்ல இயற்பியலும் இருக்கிறது.

நாகூருக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் காவிரிப்பூம்பட்டினம். இன்னும் வடக்கே, புதுச்சேரியை அடுத்து அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு கமரா, பொதுகே என இக்கரைத் துறைமுகங்களைக் குறிக்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே அரிக்கமேடு என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இரு கைப்பிடிகளும் கூரிய அடியும் கொண்ட ‘ஆம்போரா’ சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர். கிரேக்கத் தீவான கோஸ் பாணியில் அமைந்த மதுச் சாடிகளின் ஓடுகள் அங்கே மிகுதி என்பது தெளிவாயிற்று.

சாடி ஓடு கிடைத்தாலே மது வந்தது என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் கூட இத்தகைய சாடிகளில்தாம் வந்தன. சாடியின் வடிவம், மண்ணின் தன்மை, உட்புறம் பூசிய பிசின் ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். மண்சாடியில் நுண்துளைகள் உண்டு; மது கசியாதிருக்கவே பிசின் பூசினர். இலக்கியச் சான்றும் இதற்குத் துணை நிற்கிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு கூறுகிறது.

திராட்சைச் சாறு மதுவாவது எவ்வாறு? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சிதைக்கிறது. 180 கிராம் குளுக்கோசிலிருந்து, கணக்குப்படி, 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் உண்டாகின்றன. சர்க்கரை அநேகமாக முழுதும் தீர்ந்தால் இனிப்பற்ற மது. பழத்தோலிலிருந்து சிவப்பு நிறமும், தோல், விதைகளிலிருந்து டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இறங்கினால் அது செம்மது. பாக்கு மென்றால் நாக்கு இறுகுகிறதே, அதே வகைத் துவர்ப்புத்தான்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். மது உள்ளே சென்றதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடலின் நடுவிலுள்ள வெப்பத்தை இரத்தம் தோலுக்குச் சுமந்து வருகிறது. வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் தோலில் இருப்பதால் ‘சூடேறிவிட்டது’ என்று தோன்றுகிறது. உண்மையில் தோலின் வெப்பநிலை உயர்ந்தால், குளிர்ந்த காற்றுக்கு வெப்பம் விரைந்து வெளியேறும். வாயிற்கதவைத் திறந்து வைத்து, அடுப்பங்கரைச் சூடு திண்ணைக்கு வந்ததென்று மகிழ்வது போன்றது இது. போதை மிகுந்தால் நடுக்கமும் குறையும். குளிரைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை உணர்வும் மங்கும். குளிர் நாடுகளில் குடித்துவிட்டுத் திறந்த வெளியில் உறங்குவோர் இறந்துபோவது இதனால்தான்.

‘நெடுநல்வாடை’ இதை அழகாகக் கண்டிருக்கிறது. வாடைக்கால இரவில் மது மாந்திய உடல்வலிமை மிக்க மாந்தர், குளிர்ந்த தூறலைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரிகின்றனர் என்கிறது அந்நூல். அவர்களுக்குக் குளிர் நீங்கியதாகப் புலவர் சொல்லவில்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்றே சொல்கிறார்.

நானும் மாணவருக்கு அதையே சொன்னேன்: மது குளிரைப் போக்குவதில்லை; குளிரை மறக்கச் செய்கிறது. வாடைக்குப் போர்வையே போதும். அது வெப்பத்தைத் தருவதில்லை. நம்முடையதை வெளியே விடாமல் காக்கிறது.