கம்பெனி கழற்றியதை கராஜில் மாட்டிய கதை

1974 செப்டம்பர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சின்ன ஊர். அங்கே இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களின் தோற்றம் திடீரென்று மாறியது. முன்னாலும் பின்னாலும் பளபளத்த குரோமியம் பம்பர்கள் போய், தடிமனான கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. கார் தரையிலிருந்து சுமார் ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது. அதோடு 1975 மாடலில், முன் சக்கரங்களுக்கு நடுவே இருந்த ஆன்டி-ரோல் பார் என்ற இரும்புக் கம்பியும் காணாமல் போனது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்!

வளைவில் தரையோடு ஒட்டிப் போகும் என்று பெயர் வாங்கிய கார், அதன் பிறகு வளைவுகளில் படகு மாதிரி சாய ஆரம்பித்தது. வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? திட்டினார்கள். பிறகு வீட்டு கராஜில் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு தாங்களே காரைச் சரி செய்ய இறங்கினார்கள். அந்த வேலை இன்று வரைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு காரின் முன் சஸ்பென்ஷனில் என்ன பெரிய சரித்திரம் இருக்கப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் இந்த சஸ்பென்ஷனின் கதை தொடங்கியதே ஒரு கராஜில்தான்.

கணக்கில் தோற்றவரின் கார்

அலெக் இசிகோனிஸ் 1906-ல் ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பிறகு அகதியாக இங்கிலாந்து வந்தார். பொறியியல் படித்தார், கணக்குப் பாடத்தில் மூன்று முறை தோற்றார். இவர்தான் பின்னாளில் 'மினி' காரை வடிவமைத்து 'சர்' பட்டம் வாங்கியவர். ஆனால் அது பிறகு.

1930-களில் இசிகோனிஸும் அவருடைய நண்பர் ஜார்ஜ் டவுசனும் சேர்ந்து ஒரு சின்ன பந்தயக் காரை வீட்டிலேயே கட்டினார்கள். பெயர் 'லைட்வெயிட் ஸ்பெஷல்'. ஆஸ்டின் செவன் என்ற மலிவான காரின் பாகங்களை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரங்களில், பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே பல வருடங்கள் உழைத்தார்கள். அதன் சஸ்பென்ஷனில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தினார்கள். பகலில் கார் கம்பெனியில் சம்பளத்துக்குப் படம் வரைந்தவர், தன் சொந்த யோசனைகளைச் சோதித்துப் பார்த்த இடம் கராஜ்தான்.

அப்போது இங்கிலாந்தின் பெரும்பாலான கார்களில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருந்தன. மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு முழுவதும் சாயும், அடுத்த சக்கரமும் சேர்ந்து சாயும். காரில் இப்படி நடந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக ஏறி இறங்க விடுவது. இதற்கு 'இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்' என்று பெயர்.

1936-ல் மாரிஸ் கம்பெனியில் சேர்ந்த இசிகோனிஸ், ஜாக் டேனியல்ஸ் என்ற வரைவாளரோடு சேர்ந்து இப்படி ஒரு முன் சஸ்பென்ஷனை வடிவமைத்தார். அது மாரிஸ் 10 காருக்காகப் போட்ட திட்டம். அந்தக் காரில் அது இடம்பெறவில்லை. பிறகு போர் வந்துவிட்டது. படங்கள் அலமாரியில் தூங்கின.

போர் முடிந்து 1947-ல் அதே குழுமத்தைச் சேர்ந்த எம்.ஜி. வெளியிட்ட ஒய் டைப் காரில்தான் அந்த வடிவமைப்பு முதலில் ரோட்டைப் பார்த்தது. 1950-ல் வந்த டி.டி. ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுவே. 1955-ல் எம்.ஜி.ஏ., 1962-ல் எம்.ஜி.பி. என்று அடுத்தடுத்த கார்களிலும் அந்த அடிப்படை தொடர்ந்தது. போருக்கு முன் வரைந்த யோசனை 1980 வரை ஓடியது!

ஒரு பாகம், இரண்டு வேலை

இந்த அமைப்பு எளிமையானது. இன்ஜினுக்குக் கீழே குறுக்காக ஒரு கனமான இரும்புச் சட்டம், அதுதான் கிராஸ் மெம்பர். நான்கு நீளமான போல்ட்டுகள் அதை பாடியோடு பிடித்திருக்கும். அதன் இரண்டு முனைகளிலும் கீழே 'வி' வடிவில் ஒரு கை (விஷ்போன்), அதன் மேல் ஒரு சுருள் ஸ்பிரிங். மேலே இன்னொரு கை. இரண்டு கைகளுக்கும் நடுவே செங்குத்தாக கிங் பின். அதைச் சுற்றித்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்பும்.

சிக்கனம் எங்கே என்றால், அந்த மேல் கையில். இன்றைய கார்களில் ஷாக் அப்சார்பர் ஒரு குழாய் மாதிரி தனியாக நிற்கும். எம்.ஜி.பி.யில் அப்படி இல்லை. கிராஸ் மெம்பரின் மேல் எண்ணெய் நிரப்பிய ஒரு சின்னப் பெட்டி; அதிலிருந்து நீளும் கைதான் மேல் விஷ்போன். அதாவது ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் கையாகவும் வேலை செய்கிறது. தனியாக ஒரு கை செய்யும் செலவு மிச்சம்.

எண்ணெய் நிறைந்து பேரிங் நன்றாக இருக்கும் வரை பிரச்சினையே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்தால் குலுக்கல் மட்டும் அதிகமாகாது, சக்கரம் நிற்கும் கோணமும் தவறும்.

அமெரிக்கச் சட்டமும் கணக்குப்பிள்ளையும்

1962-லிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் தயாராயின. அவற்றில் பெரும்பகுதி போன இடம் அமெரிக்கா. எனவே அமெரிக்கச் சட்டம் மாறினால் ஆபிங்டனில் காய்ச்சல் வரும்.

1970-களில் அமெரிக்க அரசு பம்பர் விதிகளைக் கொண்டுவந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்குகள் போன்ற பாதுகாப்பு பாகங்களுக்குச் சேதம் வரக்கூடாது. எல்லாக் கார்களின் பம்பர்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். எம்.ஜி.பி. குள்ளமான கார். அதன் முன்பகுதியைப் புதிதாக வடிவமைத்தால் சட்டத்துக்குப் பொருத்தியிருக்கலாம். ஆனால் அப்போது எம்.ஜி.யின் சொந்தக்காரரான பிரிட்டிஷ் லேலண்ட் பணமுடையில் இருந்தது. மலிவான வழி, காரையே தூக்கி நிறுத்துவது! தூக்கினார்கள்.

உயரம் கூடினால் எடையின் மையமும் மேலே போகும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்வது அதிகமாகும். இந்தச் சாய்வைக் கட்டுப்படுத்துவதுதான் ஆன்டி-ரோல் பாரின் வேலை. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் அந்தக் கம்பி, ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். கார் உயர்ந்தபோது இது இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. சரியாக அந்தச் சமயத்தில்தான் செலவைக் குறைக்க அதையும் கழற்றினார்கள்.

1977 மாடலில் கம்பெனி தவறை ஓரளவு திருத்தியது. முன்னால் பார் திரும்ப வந்தது, பின்னாலும் ஒன்று சேர்ந்தது. உயரம் மட்டும் குறையவில்லை. 1979 செப்டம்பரில் எம்.ஜி. ஆபிங்டனுக்கு வந்ததன் 50-வது ஆண்டு விழா நடந்தது. விழாவின் சூடு ஆறும் முன்பே தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கதவு அடைக்கப்பட்டது.

கராஜில் நடந்தது

கம்பெனி மூடினாலும் கார்கள் இருந்தன. 1930-ல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பும், 1973-ல் தொடங்கிய எம்.ஜி. ஓனர்ஸ் கிளப்பும் இருந்தன. ஆபிங்டனில் இயங்கிய 'ஸ்பெஷல் டியூனிங்' பிரிவு, பந்தயம் ஓட்ட நினைப்பவர்களுக்கு சஸ்பென்ஷன் பாகங்களை ஏற்கனவே விற்று வந்திருந்தது. என்ன மாற்ற வேண்டும் என்பது ரகசியமே இல்லை.

முதல் வேலை, காணாமல் போன ஆன்டி-ரோல் பாரை மாட்டுவது. இரண்டாவது, ரப்பர் புஷ்களை மாற்றுவது. 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் கீழ் விஷ்போனில் உலோக உறை போட்ட உறுதியான புஷ் இருந்தது. அது சாதாரண எம்.ஜி.பி.யிலும் அப்படியே பொருந்தும். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் வீட்டு மெக்கானிக்குகளிடம் பிரபலமானது. மூன்றாவது, காரைப் பழைய உயரத்துக்கு இறக்குவது. நீளம் குறைந்த ஸ்பிரிங் போடலாம், அல்லது குரோமியம் பம்பர் காலத்து கிராஸ் மெம்பரையே கொண்டுவந்து மாட்டலாம். பின்னதைச் செய்தால் ஸ்டீயரிங் தண்டு சரியான கோணத்தில் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை உண்டு. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மறுபடி ஆட்டுவார்கள். ஆட்டம் நின்றுவிட்டால் தேய்ந்தது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின். ஒழுங்காக கிரீஸ் அடிக்காத காரில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது உயிரோடு விளையாடும் வேலை. காரை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்த் தட்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுக்க வேண்டும். பிறகுதான் கிங் பின்னின் மேல்முனையை ஷாக் அப்சார்பர் கையிலிருந்து விடுவித்து, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் மெதுவாக விரிந்து தளரும். அவசரப்பட்டால் அது பாய்ந்து வெளியே வரும், எதிரே நிற்பது யார் என்று பார்க்காது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம்.

எல்லா மாற்றமும் முன்னேற்றம் ஆகிவிடவில்லை. மிகவும் இறக்கியவர்களின் கார் வேகத்தடையில் இடித்தது. கெட்டியான ஸ்பிரிங், கெட்டியான புஷ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டவர்களுக்கு முதுகுவலி மிஞ்சியது. சிலர் புதிய குழாய் வடிவ ஷாக் அப்சார்பரை மாட்டினார்கள், பழைய பெட்டியின் கை வெறும் இணைப்பாக அங்கேயே இருந்தது. அதன் பேரிங் ஏற்கனவே தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் சரியாகாது. புதிய ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்த காசு வீண்தான்.

கஞ்சத்தனம் செய்த உதவி

கழற்றிய பாகங்களை இவ்வளவு சுலபமாக எப்படித் திரும்ப மாட்ட முடிந்தது? புதிய மாடல் உருவாக்கப் பணம் ஒதுக்காததால், எம்.ஜி.பி.யின் அடிப்படை 18 வருடமும் மாறவில்லை. 1960-களின் பாகம் 1970-களின் காரில் சிறு மாற்றங்களோடு பொருந்தியது. காரைக் கெடுத்த அதே சிக்கனம்தான், அதை வீட்டிலேயே சரி செய்யவும் வழி விட்டது!

ஆன்டி-ரோல் பாரை எடுத்ததில் மிச்சமான காசு பிரிட்டிஷ் லேலண்டின் கணக்குப் புத்தகத்தில் லாபமாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. வாங்கியவரின் பாக்கெட்டுக்கும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான். காரின் பெயர் கெட்டது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கதை இன்னும் கொஞ்சம் உண்டு. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் எம்.ஜி.பி.யின் பாடியைப் புதிதாகவே தயாரித்து விற்க ஆரம்பித்தது. துருப்பிடித்த காரை வைத்திருந்தவர்கள் அதை வாங்கி, பழைய பாகங்களை மாற்றி மாட்டினார்கள். அந்த பாடியை அடிப்படையாக வைத்து 1992-ல் எம்.ஜி. ஆர்.வி.8 என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதன் முன்பக்கத்தில் பழைய எண்ணெய்ப் பெட்டி இல்லை. மேலே தனி விஷ்போன், குழாய் வடிவ ஷாக் அப்சார்பர்... கராஜ்களில் எம்.ஜி.பி.க்காரர்கள் பல வருடங்களாக எதைத் தேடி அலைந்தார்களோ, அதே மாற்றம்.

இசிகோனிஸ் 1988-ல் இறந்தார். அவரும் டவுசனும் கையால் கட்டிய லைட்வெயிட் ஸ்பெஷல் இன்னும் இருக்கிறது. எங்கோ ஒரு கராஜில் யாரோ ஒருவர் இந்த வார இறுதியிலும் எம்.ஜி.பி. ஒன்றின் கீழ்த் தட்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துக்கொண்டிருப்பார். 1930-களில் அந்த இரண்டு நண்பர்கள் கையில் எடுத்ததும் இதே ஸ்பேனர்தான்.