உள்ளகப் பயிற்சி ஆண்டு: ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவ உளவியற் கல்வியின் வரலாறு - ஒரு நோக்கு

1

ஒரு தொழிலுக்குரிய அறிவைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. அத்தொழிலுக்குரிய கைப்பழக்கத்தை வழங்குவதற்கோ பெரும்பாலும் வேறோர் இடம் வேண்டப்படுகிறது. மருத்துவம், சட்டம், ஆசிரியத்துவம் ஆகிய துறைகள் யாவும் இந்நிலைமையை எதிர்நோக்கியவையே. எனினும், ஐக்கிய அமெரிக்காவிலே மருத்துவ உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற முயலும் மாணவரது நிலை இவற்றினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. இலங்கையில் மருத்துவ மாணவர் இறுதித் தேர்விற் சித்தியெய்திய பின்னரே அரசாங்க நியமனத்தின் வழி உள்ளகப் பயிற்சிக்குச் செல்கிறார். பட்டம் முந்தியது, பயிற்சி பிந்தியது. அமெரிக்க உளவியல் மாணவருக்கோ இவ்வரிசை தலைகீழானது. ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சியை நிறைவுசெய்த பின்னரே அவர் பட்டத்துக்கு உரியவராகிறார். அப்பயிற்சியை அளிக்கும் வைத்தியசாலையோ சிகிச்சை நிலையமோ பெரும்பாலும் அவரது பல்கலைக்கழகத்துக்கு உரியதன்று.

பட்டத்தை வழங்கும் நிறுவனத்திடம் நோயாளர் விடுதிகள் இல்லை. விடுதிகளை நடத்தும் நிறுவனத்திடம் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஓராண்டில் மாணவருக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினா, அத்துறையின் நூறாண்டு வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வந்துள்ளது. அவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மருத்துவ உளவியலின் தொடக்கத்திலே இப்பிளவு காணப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய லைட்னர் விற்மர், 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே முதலாவது உளவியற் சிகிச்சை நிலையத்தைத் தோற்றுவித்தார். எழுத்துக்கூட்டலில் இடர்ப்பட்ட ஒரு சிறுவனை அவனது ஆசிரியை அங்கு அழைத்து வந்தமையே அந்நிலையத்தின் முதற் பணிக்குக் காரணமாயிற்று. 1907இல் அவர் தொடங்கிய சஞ்சிகையின் வழியாக ‘மருத்துவ உளவியல்’ என்னும் பெயரும் நிலைபெற்றது. விற்மரின் நிலையம் பல்கலைக்கழகத்தினுள்ளேயே அமைந்திருந்தது. கற்பித்தவரும் சிகிச்சை நிலையத்தை நடத்தியவரும் ஒருவரே.

ஆனால் நாட்பட்ட உளநோயாளரும் வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளும் பல்கலைக்கழக வளவுக்குள் வாழவில்லை. அவர்கள் நகர்களுக்கு அப்பாற்பட்ட பெரும் நிறுவனங்களில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களை அறிய விரும்பிய மாணவர் அங்கு செல்லவேண்டியிருந்தது. நியூ ஜேர்சி மாநிலத்தின் வைன்லண்ட் பயிற்சிப் பாடசாலையில் ஹென்றி கொடார்ட் 1908இல் ஏற்படுத்திய பயிற்சியே உளவியலின் முதலாவது உள்ளகப் பயிற்சியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இத்தொடக்கத்தைப் பெருமையுடன் மட்டும் நோக்குதல் இயலாது. பிரான்சிய அறிஞர் பினேயின் நுண்மதிச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தவர் கொடார்ட். மந்தமதி பரம்பரையாக வருவது என்று வாதிட்ட அவர், 1912இல் வெளியிட்ட ‘கல்லிகாக் குடும்பம்’ என்னும் நூலால் இனமேம்பாட்டியலாளருக்கு வலுவூட்டினார். பிற்காலத்திலே, 1928இல், தமது கருத்துகள் சிலவற்றை அவரே தளர்த்திக் கொண்டார். எனினும், நோயாளரை எவ்வாறு நோக்கவேண்டும் என்பதைப் பயில்வோர் தம் மேற்பார்வையாளரின் கண்களாலேயே கற்கின்றனர். பயிற்சி நிலையம் கொண்டிருக்கும் பிழையான கொள்கை, பயில்வோரின் பழக்கமாகவும் மாறக்கூடும். பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு அப்பால் நிகழும் பயிற்சியின் தரத்துக்கு யார் பிணை நிற்பது என்னும் வினாவை வைன்லண்ட் அன்றே எழுப்பிவிட்டது எனலாம்.

இவ்வினாவை ஒழுங்காக ஆராய முற்பட்டவர் டேவிட் ஷாகோ. இவர் 1928 முதல் 1946 வரை மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் அரச வைத்தியசாலையில் தலைமை உளவியலாளராகப் பணிபுரிந்தார். உளப்பிளவு நோய் பற்றிய ஆய்வுகள் நடைபெற்ற அவ்வைத்தியசாலையிலே மாணவர் பலர் பயிற்சி பெற்றனர். ஆண்டுக்கணக்கில் பிறரைப் பயிற்றிய ஷாகோ, ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தமது கலாநிதிப் பட்டத்தை 1942இலேயே பெற்றார் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. 1938இல் உளவியலாளருக்கான உள்ளகப் பயிற்சி ஆண்டு பற்றி அவர் எழுதிய கட்டுரை, பின்வந்த திட்டங்களுக்கு வித்தாக அமைந்தது.

3

எனினும், ஓர் அறிஞரின் கட்டுரையாற் சாதிக்க முடியாததைப் போர் சாதித்தது. இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது முன்னாள் போர்வீரர் நிருவாகத்தின் வைத்தியசாலைகளிலே தங்கியிருந்த நோயாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் உளநோய், நரம்புநோய் சார்ந்தோராய் இருந்தனர். உளநோய் வைத்தியர்களோ மிகச் சிலரே. ஆகவே அந்நிருவாகம் உளவியலாளரை நாடியது. அவர்களுக்குக் கலாநிதிப் பட்டம் வேண்டுமெனவும் விதித்தது. அத்தகுதியுடையோர் போதியளவில் இல்லாமையால், அவர்களை உருவாக்கும் பொறுப்பையும் தானே ஏற்றது. 1946இல் 22 பல்கலைக்கழகங்களுடன் இணைந்து ஏறத்தாழ 200 மாணவருடன் அதன் பயிற்சித் திட்டம் தொடங்கியது. மாணவர் தமது காலத்தின் ஒரு பகுதியை வைத்தியசாலையிற் பணிபுரிந்து கழித்தனர். அதற்கு ஊதியமும் பெற்றனர். அதே 1946இல் நிறைவேற்றப்பட்ட தேசிய உளநலச் சட்டமும் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கப் பணம் கிடைக்க வழிவகுத்தது.

இத்திட்டத்துக்கு உரியோரைத் தெரிவதற்கென மிச்சிக்கன் பல்கலைக்கழகத்திலே லோவெல் கெலி, டொனால்ட் ஃபிஸ்க் ஆகியோர் நடத்திய பேராய்வு 1951இல் நூலாக வெளிவந்தது. நேர்முகங்கள், பல்வகைச் சோதனைகள் ஆகியவற்றைப் பெருமுயற்சியுடன் நடத்திய பின்னரும், மாணவரது கல்விப் பதிவேடுகளும் எளிய எழுத்துச் சோதனைகளும் முன்னறிவித்ததற்கு மேலாக அவை அதிகம் எதனையும் கூறவில்லை என அவர்கள் கண்டனர். மனிதரை அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை, தன் வருங்கால உறுப்பினரை அளக்க முற்பட்டபோது அடைந்த இம்முடிவு, உள்ளகப் பயிற்சிக்கு மாணவரைத் தெரியும் முறைகள் பற்றிய பிற்கால விவாதங்களுக்கும் பொருந்துவதாகும்.

பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என்பதை வகுக்க அமெரிக்க உளவியற் சங்கம் ஷாகோவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 1947இல் வெளியான அக்குழுவின் அறிக்கை நான்காண்டுக் கலாநிதிப் பாடநெறியொன்றை முன்மொழிந்தது. முதலிரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழகத்திலும், மூன்றாம் ஆண்டு உள்ளகப் பயிற்சியிலும் கழியும். நான்காம் ஆண்டில் மாணவர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வேட்டை நிறைவுசெய்வார். இவ்வரிசை தற்செயலானதன்று. நோயாளரிடையே ஓராண்டு வாழ்ந்தவர் தமது ஐயங்களையும் அனுபவங்களையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வருதல் வேண்டும். ஆய்வுக்குரிய பிரச்சினைகள் விடுதியிலிருந்து எழுதல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். 1949 ஆகஸ்ட் மாதத்தில் கொலராடோப் பல்கலைக்கழகத்திற் கூடிய போல்டர் மாநாடு இருவாரம் விவாதித்து, விஞ்ஞானியாகவும் தொழில்புரிவோராகவும் ஒருசேர விளங்கும் உளவியலாளரை உருவாக்குவதே குறிக்கோள் என ஏற்றுக்கொண்டது. 1956இல் உள்ளகப் பயிற்சி நிலையங்களுக்கும் அங்கீகாரம் வழங்கும் நடைமுறை தொடங்கியது. பயிற்சியின் தரத்துக்குப் பிணை நிற்பவர் யார் என்ற வினாவுக்கு இவ்வாறு ஒரு விடை கிடைத்தது. பயிற்சிக்கான செலவையோ அரசாங்கமே பெருமளவில் ஏற்றிருந்தது.

4

இவ்வொழுங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. ஷாகோ மூன்றாம் ஆண்டில் வைத்த பயிற்சி, படிப்படியாகப் பாடநெறியின் இறுதிக்கு நகர்ந்தது. மாணவர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் அந்த நான்காம் ஆண்டு மறைந்தது. பல்கலைக்கழகத்துக்கும் விடுதிக்கும் இடையே பாலமாகக் கருதப்பட்ட ஓராண்டு, பட்டத்துக்கு முன் கடக்கவேண்டிய வாயிலாக மாறியது. மறுபுறம், தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டங்கள் 1945இற் கனெற்றிகட்டில் தொடங்கி, 1977க்குள் எல்லா மாநிலங்களிலும் இயற்றப்பட்டன. மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி சட்டத்தின் கண்ணிலும் இன்றியமையாததாயிற்று.

அதேவேளை மாணவர் தொகையும் பெருகியது. 1968இல் இலினோய் பல்கலைக்கழகம் தொழிற்பயிற்சியை முதன்மைப்படுத்தும் புதியவகை உளவியற் கலாநிதிப் பட்டத்தைத் தொடங்கியது. 1973இன் வேல் மாநாடு அவ்வகைப் பட்டத்துக்கு ஆதரவளித்தது. இதனைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களைச் சாராத தொழிற்கல்லூரிகள் பல தோன்றின. மாணவரின் கட்டணத்தையே பெரிதும் நம்பிய அவை, ஆண்டுதோறும் பெருந்தொகையினரைச் சேர்த்துக்கொண்டன. எத்தனை மாணவரைச் சேர்ப்பது என்பதைக் கல்லூரி தீர்மானித்தது. எத்தனை பயிற்சி இடங்களை ஏற்படுத்துவது என்பதை வைத்தியசாலை தீர்மானித்தது. இரண்டையும் ஒப்புநோக்கும் அதிகாரம் எவரிடமும் இருக்கவில்லை.

பயிற்சி நிலையங்கள் 1968இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தன. நல்ல மாணவரைப் பிறர் முந்திக்கொள்வர் என்ற அச்சத்தால் நிலையங்கள் இடங்களை மேன்மேலும் முற்கூட்டியே வழங்குவதைத் தடுக்க, 1970களில் அச்சங்கம் பொதுவான அறிவிப்புக் காலமொன்றை விதித்தது. அக்காலம் பல நாள்களிலிருந்து சுருங்கி, ஈற்றில் பெப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் சில மணி நேரமாயிற்று. அந்நாளில் மாணவர் தொலைபேசியின் அருகே காத்திருப்பர். அழைப்பு வந்தால், விரும்பிய வேறிடம் பின்னர் அழைக்குமோ என்ற ஐயத்துடன் ஓர் இடத்தை மட்டும் கைவசம் வைத்திருக்கலாம். நிலையங்களுக்கும் நிம்மதி இல்லை. ஒருவர் முடிவுசெய்யத் தாமதித்தால், அடுத்து நிற்பவர் வேறிடத்துக்குச் சென்றுவிடுவார். ஆகவே, அழைத்த உடனேயே இசைவார் எனத் தாம் நம்பியவர்களை முதலில் அழைப்பதே நிலையங்களுக்கு இலாபமாயிற்று. விருப்பத்தை முன்கூட்டி வெளியிடும்படி மாணவரைக் கேட்கலாகாது என்ற விதி இருந்தும், மறைமுகமான குறிப்புகள் பரிமாறப்பட்டன. தகுதியை நாடிய ஒரு முறை, ஊகத்தின் திறமையை வளர்க்கும் முறையாகத் திரிந்தது.

1993ஆம் ஆண்டின் அந்நாளைப் பொருளியலாளரான அல்வின் றொத் நேரில் அவதானித்தார். சியாவோலின் சிங் என்பாருடன் சேர்ந்து 1997இல் அதுபற்றிய ஆய்வை வெளியிட்டார். தொலைபேசி அழைப்புகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே எடுத்தாலும், ஒருவரின் முடிவுக்காக மற்றொருவர் காத்திருக்கும் சங்கிலி நீண்டுகொண்டே செல்வதால், குறித்த நேரத்துள் ஒழுங்கான முடிவு கிட்டாதென அவர்கள் காட்டினர்.

5

மருத்துவப் பட்டதாரிகளுக்கு 1952 முதலே ஒரு மையப் பொருத்தமுறை இருந்தது. உளவியலாளர் அத்தகைய முறையை 1999 பெப்ரவரியிலேயே மேற்கொண்டனர். மாணவர் தாம் விரும்பும் நிலையங்களையும், நிலையங்கள் தாம் விரும்பும் மாணவரையும் வரிசைப்படுத்தி அனுப்ப, கணினி இரண்டையும் பொருத்தியது. றொத்தும் எலியற் பெரன்சனும் வகுத்த இம்முறையின் கோட்பாட்டு அடிப்படை, டேவிட் கேல், லொயிட் ஷப்லி ஆகியோர் 1962இல் வெளியிட்ட கணிதக் கட்டுரையாகும். தன்னை ஏற்க விரும்பும் வேறொரு சிறந்த நிலையத்தை எம்மாணவரும் இழந்துவிடாத வகையில் முடிவு அமைவதே இதன் சிறப்பு. மாணவர் தம் உண்மையான விருப்பத்தை மறைப்பதாற் பயனில்லை. ஊகத்துக்கும் தொலைபேசிப் பதற்றத்துக்கும் இவ்வாறு முடிவு வந்தது. 2012இல் றொத்தும் ஷப்லியும் இத்துறைப் பணிகளுக்காகப் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் அதே 2012ஆம் ஆண்டே உள்ளகப் பயிற்சி வரலாற்றின் மிகத் துயரமான ஆண்டாகவும் அமைந்தது. கணினி இடங்களைப் பங்கிட வல்லது. இல்லாத இடங்களை உண்டாக்க வல்லதன்று. விண்ணப்பித்தோருக்கும் இடங்களுக்கும் இடையேயான இடைவெளி ஆண்டுக்காண்டு விரிந்து அவ்வாண்டில் உச்சத்தை அடைந்தது. பாடங்களை முடித்தவரும், சிலவேளை ஆய்வேட்டையே நிறைவுசெய்தவரும் இடமின்றி நூற்றுக்கணக்கில் நின்றனர். அவர்களிற் பலர் மேலுமோர் ஆண்டு கட்டணம் செலுத்திப் பதிவை நீடித்தனர். சிலர் அங்கீகாரமற்ற இடங்களிற் சம்பளமின்றிப் பணிபுரிந்தனர். நேர்முகங்களுக்காகப் பல மாநிலங்களுக்குப் பயணம் செய்வதும், ஓராண்டுப் பணிக்காகக் குடும்பத்துடன் இடம்பெயர்வதும், இடம் கிடைத்தவருக்குங்கூடச் செலவையே கூட்டின. கடன் பெற்றுப் படித்த மாணவர் எவ்வகையிலும் பிழை செய்தவரல்லர். சேர்த்துக்கொண்ட கல்லூரியும் இடந்தராத வைத்தியசாலையும் தத்தம் விதிகளின்படியே நடந்தன. பொறுப்பு எவரிடமும் இல்லாதபோது, சுமை மிக வலுக்குறைந்தவர் மீதே இறங்குகிறது.

அவ்வாண்டில் அமெரிக்க உளவியற் சங்கம், புதிய நிலையங்கள் அங்கீகாரம் பெறுவதற்கு உதவவென 30 இலட்சம் டொலர் வரை ஒதுக்கியது. தொடர்ந்து இடங்கள் பெருகின. 2010களின் இறுதிக்குள் இடங்களின் தொகை விண்ணப்பதாரரின் தொகையை எட்டி, அதனைக் கடந்தது. 2020இன் கொவிட் தொற்றுக்குப் பின் நேர்முகங்கள் பெரிதும் இணையவழி நடைபெற, பயணச் செலவும் குறைந்தது. ஒரு தலைமுறையாகத் தீராததெனக் கருதப்பட்ட பற்றாக்குறை, எவரேனும் பணத்தையும் பொறுப்பையும் ஏற்க முன்வந்தபோது சில ஆண்டுகளில் தணிந்தது என்பது சிந்தனைக்குரியது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். உள்ளகப் பயிற்சி ஆண்டின் வடிவத்தை அறிஞரின் கோட்பாடு மட்டும் தீர்மானிக்கவில்லை. கைகள் வேண்டியவர் யார், செலவை ஏற்றவர் யார் என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன. போரின் பின் அரசாங்கம் இரண்டையும் ஏற்றபோது ஷாகோவின் திட்டம் உயிர்பெற்றது. அப்பொறுப்பு சிதறியபோது அதே ஆண்டு மாணவருக்குத் தடையாயிற்று. சிறந்த தெரிவுமுறையொன்று நீதியான பங்கீட்டுக்கு இன்றியமையாதது. ஆனால் பங்கிடுவதற்குப் போதியது இருத்தல் அதனினும் முந்தியது. தன் வளவுக்கு வெளியே பெறவேண்டிய பயிற்சியைப் பட்டத்துக்கு நிபந்தனையாக்கும் எப்பல்கலைக்கழகமும், மாணவரைச் சேர்க்கும் நாளிலேயே அவருக்குரிய பயிற்சியிடத்தையும் தன் பொறுப்பாகக் கொள்ளவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவதாகும்.