வாங்கும் அனுமதியும் மேகசின் வரம்பும்: அமெரிக்க மாநிலச் சட்டங்களில் துப்பாக்கி உடைமையாளரின் நிலை (1911–2025)

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1927ஆம் ஆண்டில் இயற்றிய 372ஆம் எண் பொதுச் சட்டம் இரு கட்டுப்பாடுகளை ஒருங்கே விதித்தது. கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோர் காவல்துறையிடமோ ஷெரிப்பிடமோ முன்னதாக உரிமம் பெறவேண்டும் என்பது ஒன்று. மறுபடி தோட்டா நிரப்பாமல் பதினாறு முறைக்கு மேல் சுடவல்ல துப்பாக்கியை விற்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது மற்றொன்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், ஒரிகன் மாநில வாக்காளர்கள் மிகக் குறுகிய பெரும்பான்மையில் நிறைவேற்றிய 114ஆம் முன்மொழிவும் இதே இரண்டையும் இணைத்தது: துப்பாக்கி வாங்க அனுமதிச்சீட்டு, பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை.

இவ்விரண்டும் பொதுவாகத் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்னும் ஒரே தலைப்பின்கீழ் பேசப்படுகின்றன. உடைமையாளரின் பக்கத்திலிருந்து நோக்கினால் இவை ஒன்றல்ல. அனுமதிச் சட்டம் பொருளை இனிமேல் வாங்கப்போகிறவரை நிறுத்தி வைக்கிறது. மேகசின் சட்டமோ முன்பே சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருப்பவரைத் தேடி வருகிறது. முன்னதில் அவர் காத்திருக்க வேண்டும். பின்னதில் பொருள் எந்நாளில் தம் கைக்கு வந்தது என்பதற்கு விடை சொல்ல வேண்டும். தோட்டாக்களின் எண்ணிக்கை பற்றிய விவாதத்தில் இவ்வேறுபாடு பெரிதும் மறைந்துபோகிறது.

விருப்புரிமையும் காத்திருப்பும்

நியூயார்க் மாநில மேலவை உறுப்பினர் திமோத்தி சல்லிவனின் பெயரால் வழங்கும் 1911ஆம் ஆண்டுச் சட்டம், மறைத்து வைக்கத்தக்க சிறு துப்பாக்கிகளை வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்றது. அதன் தொடக்கக் கால அமலாக்கம் இத்தாலியக் குடியேறிகள் மீது மிகுதியாகப் பாய்ந்தது என வரலாற்றாசிரியர் சிலர் காட்டுவர். தென்மாநிலமான வட கரோலைனா 1919இல் கைத்துப்பாக்கி வாங்கும் அனுமதிச்சீட்டைப் புகுத்தியது. விண்ணப்பிப்பவர் நன்னடத்தை உடையவர் என அலுவலர் மனநிறைவு கொள்ளவேண்டும் என்பது அதன் விதி. நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த ஒரு மாநிலத்தில் நன்னடத்தை என்னும் சொல்லுக்கு யார் பொருள் சொன்னார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாங்கும் அனுமதி அன்று, உடன் எடுத்துச்செல்லும் அனுமதியே எனினும், ஒரு நிகழ்வு இங்கு நினைக்கத்தக்கது. 1956இல் வீடு குண்டுவீச்சுக்கு உள்ளான பின் மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி எடுத்துச்செல்ல விண்ணப்பித்தார்; அது மறுக்கப்பட்டது.

வட கரோலைனாவின் சட்டம் 2023 மார்ச்சில் ஆளுநர் ராய் கூப்பரின் மறுப்பாணையை மீறி நீக்கப்பட்டது. நீக்கத்தை ஆதரித்தோர் சட்டத்தின் நிறவெறிப் பிறப்பைச் சுட்டினர். எதிர்த்தோர், கூட்டாட்சிச் சட்டம் தொடாத தனியாரிடை விற்பனையிலும் பின்புலச் சோதனை நடைபெற அதுவே வழியாக இருந்தது என்றனர். இரண்டுமே உண்மை. தீய நோக்கில் பிறந்த கருவி பின்னர் வேறொரு பயனைத் தருவது சட்ட வரலாற்றில் புதிதன்று.

அனுமதிமுறையின் பயன் குறித்த ஆய்வுகளில் இரு மாநிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மிசூரி 1921 முதல் நடைமுறையில் இருந்த அனுமதிமுறையை 2007இல் கைவிட்டது. கனெக்டிகட் 1995இல் அதை ஏற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் முன்னதில் துப்பாக்கிக் கொலைகள் கூடியதையும் பின்னதில் குறைந்ததையும் அச்சட்ட மாற்றங்களோடு தொடர்புபடுத்தினர். ஒப்பிடுவதற்குத் தேர்ந்த மாநிலங்கள், காலப்பகுதி ஆகியவற்றைப் பற்றி மறுப்புகளும் எழுந்தன. எவ்வாறாயினும் இவ்வாய்வுகள் அளப்பது சமூகம் பெறும் பயனை. உரிமம் கேட்டுக் காத்திருப்பவரின் இழப்பு அவற்றின் அளவுகோலுக்குள் வருவதில்லை.

அவ்விழப்பு கற்பனையன்று. நியூ ஜெர்சியில் விண்ணப்பத்தின்மீது முப்பது நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். முன்னாள் துணைவருக்கு எதிராக நீதிமன்றப் பாதுகாப்பாணை பெற்றிருந்த ஒரு பெண் கைத்துப்பாக்கி வாங்க விண்ணப்பித்தார். கெடு கடந்தும் அனுமதி வரவில்லை. 2015இல் அந்த ஆணின் கையாலேயே அவர் கொல்லப்பட்டார். துப்பாக்கி கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி கூற இயலாது. ஆனால் கெடுவைத் தவறவிட்டது விண்ணப்பித்தவர் அல்லர், அரசு என்பதில் ஐயமில்லை.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று புரூயன் வழக்கில், துப்பாக்கி எடுத்துச்செல்லத் தனித் தேவையை நிறுவவேண்டும் என்ற நியூயார்க் விதியைச் செல்லாததாக்கியது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று, திட்டவட்டமான தகுதிகளை நிறைவு செய்தோர்க்கு உரிமம் வழங்கியே ஆகவேண்டிய முறைகளை ஏற்பதுபோலப் பேசிவிட்டு, நீண்ட காத்திருப்பும் மிகைக் கட்டணமும் உரிமையையே மறுப்பதாகுமானால் அவற்றை எதிர்க்க இடமுண்டு என்றது. அதன்பின் வழக்குகளின் களம் அலுவலரின் மனநிறைவிலிருந்து நாள்கணக்குக்கு மாறியது. மேரிலாந்தின் 2013ஆம் ஆண்டு கைத்துப்பாக்கித் தகுதி உரிமத்தை நான்காம் வட்டார மேல்முறையீட்டு மன்றத்தின் மூவர் அமர்வு 2023இல் தள்ளியது. முழு அமர்வு 2024இல் அதை நிலைநிறுத்தியது. இரு அமர்வுகளும் நின்று வாதிட்ட புள்ளி காத்திருப்பே.

கையிலிருக்கும் பொருளும் சட்டத்தின் நாளும்

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி, வில்சுருளின் விசையால் ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக்குள் செலுத்தும் கூடு. பெரும்பாலான துப்பாக்கிகளில் கழற்றி மாட்டத்தக்கது, மலிவானது, வரிசை எண் பொறிக்கப்படாதது. சட்டச் சிக்கலின் பாதி இக்கடைசிப் பண்பிலிருந்தே கிளைக்கிறது.

எத்தனை தோட்டா என்பதில் சட்டங்கள் ஒத்துப்போனதேயில்லை. மிச்சிகனில் பதினாறு, அதே 1927இல் ரோட் ஐலண்டில் பன்னிரண்டு, 1990இல் நியூ ஜெர்சியில் பதினைந்து, 1994ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் பத்து. நியூயார்க் 2013இல் பத்துக்கு மேற்பட்ட மேகசினைத் தடுத்ததோடு, பத்து கொள்ளும் கூட்டிலும் ஏழு மட்டுமே நிரப்பலாம் என்றது. ஏழு கொள்ளும் மேகசின்கள் பல துப்பாக்கிகளுக்குக் கிடைக்காமையால் வந்த விதி அது. உடைமையாளர் தம் வீட்டுக்குள் தோட்டாக்களை எண்ணிப்பார்க்க வேண்டிய நிலையை உண்டாக்கிய அவ்விதியைக் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாண்டின் இறுதி நாளிலேயே தள்ளியது.

எண்ணைவிடவும் முதன்மையானது, ஏற்கெனவே உள்ளவற்றைச் சட்டம் என்ன செய்தது என்பது. 1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையொப்பமிட்ட சட்டம் அந்நாளுக்கு முன் தயாரானவற்றை வைத்திருக்கவும் விற்கவும் விட்டுவிட்டது. பத்தாண்டுகள் கழித்து அது காலாவதியானது. பழைய இருப்பும் இறக்குமதியும் மிகுந்திருந்தமையால் தடையின் விளைவு முழுமையாக வெளிப்படவில்லை என்பது அதனை மதிப்பிட்ட கிறிஸ்டபர் கோப்பரின் கருத்து. உடைமையாளர்க்குச் சுமை குறைந்த சட்டமே பயனும் மங்கிய சட்டமாயிற்று. பிற்கால மாநிலச் சட்டங்கள் கடுமையானதற்கு இந்த அனுபவமே காரணம் எனலாம்.

கலிபோர்னியாவில் இம்மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. 2000 ஜனவரி முதல் விற்பனையும் இறக்குமதியும் தடைபட்டன, பழையவை தொடர்ந்தன. 2016இல் வாக்காளர்கள் ஏற்ற 63ஆம் முன்மொழிவு அவ்விலக்கையும் நீக்கியது. மாநிலத்துக்கு வெளியே அனுப்புதல், உரிமம் பெற்ற வணிகரிடம் விற்றல், காவல்துறையிடம் ஒப்படைத்தல் என்பவையே எஞ்சிய வழிகள். நடைமுறைக்கு வர இரு நாள் இருக்கையில் நீதிபதி ரோஜர் பெனிட்டெஸ் அதை நிறுத்திவைத்தார். 2019 மார்ச் 29 அன்று அவர் தடையையே செல்லாதென அறிவிக்க, தீர்ப்பு மீண்டும் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ ஒரு வாரம் மேகசின்கள் தங்குதடையின்றி மாநிலத்துக்குள் வந்தன. அவ்வாரத்தில் வாங்கியவர் பாதுகாக்கப்பட்டார். மறுவாரம் அதே பொருளை வாங்க முனைந்தவர் குற்றவாளியாவார். ஒன்பதாம் வட்டார மன்றத்தின் விரிந்த அமர்வு 2025 மார்ச்சில் 7–4 என்ற பெரும்பான்மையில் சட்டத்தை நிலைநிறுத்தியது. இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இந்திய வாசகர்க்கு இது அந்நியமானதன்று: ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தம், மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. ஆயினும் இங்கு ஒவ்வொரு துப்பாக்கியும் உரிமத்தில் எண்ணோடு பதிவாகியிருக்கும். அமெரிக்க மேகசினுக்கு அத்தகைய ஏடே இல்லை.

ஒரிகன்: இரண்டும் ஒன்றுசேர்ந்தபோது

114ஆம் முன்மொழிவின்படி, வாங்க விரும்புவோர் விரல்ரேகை அளித்து, பயிற்றுநர் முன் உண்மையான தோட்டாவைக் கொண்டு சுட்டுக்காட்டி, 65 டாலர் வரை கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டு செல்லும் அனுமதியைப் பெறவேண்டும். காவல்துறை முப்பது நாளுக்குள் வழங்கவேண்டும். சட்டம் 2022 டிசம்பர் 8 அன்று நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. பயிற்சிக்கும் விண்ணப்பத்துக்கும் உரிய ஏற்பாடு அன்று அரசிடமே இல்லை. கூட்டாட்சி நீதிபதி கரின் இம்மர்கட் டிசம்பர் 6 அன்று சட்டத்தைத் தடுக்க மறுத்தபோதும், அனுமதிப் பகுதிக்கு மட்டும் முப்பது நாள் தவணை தரவேண்டியதாயிற்று. அதே நாளில் ஹார்னி மாவட்ட நீதிபதி ராபர்ட் ராஷியோ மாநில அரசியலமைப்பின்கீழ் முழுச் சட்டத்தையும் நிறுத்தினார். 2023 நவம்பரில் செல்லாதென்றும் தீர்ப்பளித்தார். மாநில மேல்முறையீட்டு மன்றம் 2025 மார்ச்சில் அதை மாற்றியது. ஹார்னி போன்ற கிழக்கு ஒரிகன் மாவட்டங்கள் முன்மொழிவை எதிர்த்தவை. போர்ட்லாந்து நகரம் அமைந்த மல்ட்னோமா மாவட்டம் அதை வெற்றிபெறச் செய்தது. வாக்குச்சாவடியில் தோற்ற நாட்டுப்புறம் நீதிமன்றத்தில் இரண்டாண்டுக்கு மேல் சட்டத்தை நிறுத்திவைத்தது எனலாம்.

மேகசினைப் பொறுத்தவரை ஒரிகன் கலிபோர்னியா அளவுக்குச் செல்லவில்லை. முன்பே பெற்றவற்றைச் சொந்த இடத்திலும் சுடுபயிற்சிக் களத்திலும் வேட்டையிலும் பயன்படுத்தலாம். ஆனால் முன்பே பெற்றது என்பது குற்றம் சாட்டப்பட்டவர் எடுத்துவைத்து நிறுவவேண்டிய எதிர்வாதமாக அமைக்கப்பட்டது. கொலராடோ 2013இல் பதினைந்து தோட்டா வரம்பை விதித்தபோது இதற்கு நேர்மாறாகச் செய்தது: 2013 ஜூலை 1 முதல் தொடர்ந்து தம்மிடமே உள்ளது என உடைமையாளர் கூறினால், அது பொய்யென்று நிறுவும் பொறுப்பு அரசுத் தரப்புக்குரியது. அந்த விட்டுக்கொடுப்பும் அரசியல் சினத்தைத் தணிக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலேயே மேலவை உறுப்பினர் இருவர் திரும்பழைப்பு வாக்கெடுப்பில் பதவியிழந்தனர். மேக்புல் என்னும் மேகசின் நிறுவனம் மாநிலத்தைவிட்டு வெளியேறியது. எனினும் உடைமையாளரின் நாள்தோறும் வாழ்வில் இவ்விரு விதிகளின் வேறுபாடு பத்துக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரியது. கொலராடோக்காரர் பழைய மேகசினை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஒரிகன்காரர் அதை வாங்கிய கடையின் ரசீதைத் தேடி எடுத்து வைக்கவேண்டும். தந்தையிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ பெற்றவருக்கு அந்த ரசீதும் இராது.