கார்பாக்சிசோம் உறைப்புரதங்கள்

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்வயலுக்குப் பரிந்துரைக்கும் நீலப்பச்சைப் பாசியின் செல்லுக்குள், ரூபிஸ்கோ நொதியை அடைத்துவைத்திருக்கும் பலமுக அறையே கார்பாக்சிசோம். கொழுப்புச் சவ்வு கிடையாது. உறை முழுதும் புரதம். ஆறு அலகுகள் கூடிய அறுகோணத் தகடுகள் பக்கம் பக்கமாக ஒட்டி முகங்களாகின்றன. ஆனால் அறுகோணங்களை மட்டும் பரப்பினால் தட்டையான தளம்தான் கிடைக்கும், அறை மூடாது. அமைப்பின் நுட்பமே இங்குதான்: 12 முனைகளிலும் ஐந்தலகுப் புரதம் அமர்ந்து வளைவைத் தருகிறது. தகட்டின் நடுத்துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. பைகார்பனேட் அதன்வழியே நுழைவதாகக் கருதப்படுகிறது. அறுகோணப் புரதத்தின் படிக அமைப்பு 2005இலும் ஐங்கோணப் புரதத்தினது 2008இலும் வெளியாயின. கடலோரத்து பாக்டீரியமான ஹாலியாங்கியத்தின் ஒத்தவகைப் புரதங்களாலான முழு உறை 2017இல் அணு நுட்பத்தில் தெளிந்தது. அந்த உறையின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர்.