293-ஆம் நம்பர் சோதனை

2021-இல் கோவிஷீல்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் மருந்தோடு வரும் காகிதத்தைப் படித்தீர்கள்? நான் படித்தேன். (கடன் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படித்தே இருபது வருஷம் ஓட்டியவனுக்கு வேறென்ன பழக்கம் வரும்!) மனிதக் கருவின் சிறுநீரக செல்களில், அதாவது ஹெச்.இ.கே. 293 செல்களில் தயாரானது என்று அதில் ஒரு வரி. பி.காம். படித்த எனக்கு அந்த எண் மட்டும்தான் புரிந்தது. வவுச்சர் நம்பரா என்று தேடப் போனால், கிட்டத்தட்ட அதேதான்!

1973, ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகம். அலெக்ஸ் வான் டெர் எப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் ஃபிராங்க் கிரஹாம் என்ற கனடாக்காரர் வேலை பார்த்தார். நமக்குச் சளியும் கண்வலியும் கொடுக்கிற அடினோ வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, கால்சியம் பாஸ்பேட்டோடு கலந்து, மனித சிறுநீரக செல்கள்மேல் விட்டுப் பார்த்தார். செல்கள் புற்றுநோய் செல் மாதிரி மாறுமா என்பதுதான் கேள்வி. கடைசியில் ஒரே ஒரு கூட்டம் மட்டும் ஓயாமல் பெருக ஆரம்பித்தது. செய்கிற சோதனைக்கெல்லாம் வரிசை எண் போடுவது அவர் வழக்கம். இது 293-ஆவது.

பின்னாளில் பார்த்தால், சுமார் 36,000 எழுத்து நீளமுள்ள வைரஸ் டி.என்.ஏ.வில் 'இ1' என்கிற பகுதி அந்த செல்லின் 19-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. இ1 இல்லாமல் அடினோ வைரஸால் பெருக முடியாது. அப்படியானால் வைரஸிலிருந்து இ1-ஐ வெட்டிவிட்டு, காலி இடத்தில் நமக்கு வேண்டிய மனித மரபணுவை வைக்கலாமே! எங்கள் லாக்கர் மாதிரி: ஒரு சாவி கஸ்டமரிடம், இன்னொன்று பாங்கில். 293 செல்லுக்குள் இரண்டு சாவியும் சேர்வதால் வைரஸ் தாராளமாகப் பெருகும். வேறு செல்லுக்குள் போனால் மரபணுவை மட்டும் வேலை செய்ய வைக்கும், குட்டி போடாது. 1992-இல் அமெரிக்காவில் ரொனால்ட் கிரிஸ்டல் குழுவினர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதாகிற மனித மரபணுவின் நல்ல பிரதியைப் பருத்தி எலிகளின் நுரையீரலில் இப்படித்தான் இயங்க வைத்தார்கள்.

ஆடிட்டில் மாட்டுகிற ஓட்டையும் உண்டு. எப்போதாவது வைரஸ், செல்லிடமிருந்தே இ1-ஐ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதைத் தடுக்க அதே லைடனில் பெர்.சி6 என்று வேறொரு செல்லை உருவாக்கி 1998-இல் வெளியிட்டார்கள்.

சரி, அந்த முதல் செல் யாருடையது? என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். 2001-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கூட்டத்தில் வான் டெர் எப்பே விளக்கினார். கலைக்கப்பட்ட ஒரு கருவின் சிறுநீரகம். 1972-ஆக இருக்கலாம், தேதி தெரியாது. குடும்ப விவரம் தெரியாது. ஏன் கலைத்தார்கள் என்பது அப்போது தெரிந்திருக்கலாம், இப்போது அந்தத் தகவலெல்லாம் தொலைந்துவிட்டது என்றார். சேமிப்புக் கணக்கு தொடங்கவே நாங்கள் ஃபோட்டோவும் முகவரிச் சான்றும் கேட்கிறோம். இங்கே வவுச்சர் நம்பர் பத்திரமாக இருக்கிறது, கணக்கு யாருடையது என்பது இல்லை. அந்த அம்மாவுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

சிறுநீரகம் என்பதிலாவது சந்தேகம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. 293 செல்களில் நரம்பு செல்லின் அடையாளங்கள் நிறைய இருப்பதாக 2002-இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் கிரஹாமும் ஒருவர்.